சிங்கவரத்துப் படிகளிலிருந்து சீதையம்மன் சந்நிதிக்கு

2024-ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. செஞ்சிக்கு அருகேயுள்ள சிங்கவரம் குன்றில், பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்டருளும் அரங்கநாதப் பெருமாளைச் சேவிக்கப் பெருங்கூட்டம் படியேறிக்கொண்டிருந்தது. அக்கூட்டத்தில் செஞ்சியைச் சேர்ந்த முதிய தம்பதியர் இருவரும் இருந்தனர். கணவர் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர், வயது அறுபத்தாறு. அம்மையாருக்கு அறுபது. திருமணமான நாள்முதல், முப்பத்தெட்டு ஆண்டுகளாக, ஒரு புரட்டாசியும் தவறாமல் இருவரும் சேர்ந்தே ஏறிய படிகள் அவை.

அன்று பாதி வழியில் அம்மையார் அமர்ந்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “நீங்க போய்ச் சேவிச்சுட்டு வாங்க. நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன். இனிமே இந்தக் கால் ஏறாது” என்றார். குரலில் வருத்தமில்லை, ஒரு செய்தியைத் தெரிவிப்பதுபோல இருந்தது.

தலைமையாசிரியர் தனியே மேலே சென்றார். சிங்கவரத்துப் பெருமாளைப் பற்றிச் செஞ்சிச் சீமையில் வழங்கும் செய்தி ஒன்று உண்டு. போருக்குப் புறப்பட்ட தேசிங்கு ராஜன் விடைபெற வந்து நின்றபோது, ‘இன்று போக வேண்டாம்’ என்று குறிப்புணர்த்தப் பெருமாள் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதையும் மீறிச் சென்ற தேசிங்கு, 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது களத்தில் மாண்டான். இந்தக் கதையைப் பல நூறு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் தலைமையாசிரியர். ஆனால் அன்று சந்நிதியில் நின்றபோது, பெருமாள் முகந்திருப்பியது தம்மிடமிருந்துதானோ என்றொரு கலக்கம் அவருக்கு ஏற்பட்டது. அதற்குக் காரணம் இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக நிறைவேற்றாத வாக்கு ஒன்று அவர் கணக்கில் நின்றது.

அம்மையார் பிறந்தது இலங்கையில், நுவரெலியா மலைச்சரிவில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவருடைய முன்னோர் தென்னார்க்காட்டுச் சீமையிலிருந்து கங்காணியோடு கப்பலேறியவர்கள். அவர் பிறந்த 1964-ஆம் ஆண்டின் அக்டோபரில்தான் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் இரு அரசுகளும் தீர்மானித்தன. அந்தக் கணக்கில் ஒரு குடும்பமாக, 1973-இல், ஒன்பது வயதுச் சிறுமியான அவரும் பெற்றோரும் தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் சில நாள்கள் தங்கியபின் செஞ்சிப் பக்கத்து உறவினரிடம் வந்து சேர்ந்தனர்.

மூவர் வந்தனர், ஒருத்தி வரவில்லை. புறப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், நான்கு மாதப் பெண் குழந்தை மழைக்காலக் காய்ச்சலில் இறந்து, தோட்டத்து மேட்டில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. ஏழு வயது அக்காள்தான் அந்தக் குழந்தையை நாள்தோறும் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிச் சென்றவள். 1999-இல் தாயார் இறக்கும் தறுவாயில் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஒரு தடவை இவளைக் கூட்டிட்டுப் போய், பாப்பாவுக்கு ஒரு விளக்கு ஏத்திட்டு வாங்க.”

“கூட்டிப் போகிறேன், அத்தை” என்றார் மருமகன். சொன்ன நேரத்தில் உண்மையாகவே சொன்னார். பிறகு பிள்ளைகளின் படிப்பு வந்தது. வீட்டுக் கடன் வந்தது. மகளின் திருமணம் வந்தது. அங்கே போர் நடக்கிறது என்பது 2009 வரையில் நியாயமான காரணமாகவே இருந்தது. அதற்குப் பின்பு காரணம் எதுவுமில்லை. “மலை பார்க்க எங்கே போக வேண்டும்? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று நமக்கு மூன்று இருக்கின்றன. கடல் வேண்டுமென்றால் புதுச்சேரி இரண்டு மணி நேரம்” என்று சிரித்துப் பேசுவது அவர் வழக்கமாகிவிட்டது. அம்மையார் ஒருமுறையும் நினைவூட்டியதில்லை. நினைவூட்டாததால் மறந்துவிட்டார் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

படியிறங்கி வந்தவர், அமர்ந்திருந்த மனைவியிடம் துளசியைக் கொடுத்து, “பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுகிறேன். பங்குனியில் போகலாம்” என்றார். எங்கே என்று அம்மையார் கேட்கவில்லை. துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கப்பலிலே வந்தவள் கப்பலிலேயே போகட்டும் என்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் இப்போது ஓடுகிறது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் நின்றுவிடும் என்பதால் தை கழித்துப் புறப்படுவதே முதியோர்க்கு நல்லது. 2025 பங்குனியில் இருவரும் செஞ்சியிலிருந்து காரில் கிளம்பினர். சிதம்பரத்தில் கூத்தப்பெருமானையும், சீர்காழியில் தோணியப்பரையும் தரிசித்தனர். சீர்காழியில் அவதரித்த ஞானசம்பந்தர் இலங்கையின் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடியிருக்கிறார். ஆனால் கடலைக் கடக்கவில்லை. இராமேசுவரத்தில் நின்றபடியே அக்கரைத் தலங்களைப் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அதை மனைவிக்குச் சொல்லத் தொடங்கிய தலைமையாசிரியர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இக்கரையில் இருந்தபடியே காரியம் முடிப்பது சம்பந்தப் பெருமானுக்கு இயலும், மற்றவர்க்கு இயலாது.

காங்கேசன்துறையில் ஏற்பாடு செய்திருந்த வாகனத்தோடு யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் காத்திருந்தார். அம்மையார் நடப்பதைப் பார்த்ததும், “அவசரமில்லை அம்மா, ஆறுதலா ஏறுங்கோ” என்றார். மெல்ல என்பதற்கு அங்கே ‘ஆறுதலா’ என்பது பேச்சு வழக்கு. அந்தச் சொல் அம்மையாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

துறைமுகத்தை அடுத்துள்ளது கீரிமலை. கடலலை மோதும் கரையிலேயே, ஒரு சுவர் தள்ளி, நன்னீர் ஊறும் கேணி. கீரி முகம் பெற்ற நகுல முனிவர் இதில் நீராடித் தம் சாபம் நீங்கினார் என்பது தலபுராணம். இங்குள்ள நகுலேசுவரம் போர்க்காலத்தில் சிதைந்து, பின்னர் மீண்டும் எழுந்த கோயில். அன்று மாலை நல்லூர்க் கந்தசுவாமி கோயில். மூலத்தானத்தில் வேலையே முருகனாக வழிபடும் சந்நிதி அது. ஆண்கள் மேலாடையின்றித்தான் உள்ளே செல்ல வேண்டும். நேரம் தவறாத பூசைக்கும், ஒரு ரூபாய் அர்ச்சனைச் சீட்டுக்கும் பெயர்பெற்ற இடம். கணக்கில் கண்டிப்பான தலைமையாசிரியருக்கு நல்லூரின் ஒழுங்கு பெருமகிழ்ச்சி தந்தது.

மறுநாள் ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா வழியாகத் திருகோணமலை. கோணேசுவரத்துக்குப் போகும் வழி பிரெடரிக் கோட்டைக்குள் நுழைந்துதான் செல்கிறது. மான்கள் உலவும் கோட்டைச் சாலை. ஏறி முடித்தால் சுவாமி மலையின் உச்சி. கீழே செங்குத்தான பாறை, அதன் காலடியில் கருநீலக் கடல். பழைய பெருங்கோயிலை 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர். கடலில் விழுந்து கிடந்த பழைய இலிங்கம் ஒன்றை 1956-இல் மூழ்குவோர் கண்டெடுத்தனர்.

செஞ்சிக்காரருக்கு இது புதிதன்று. செஞ்சிக் கோட்டைக்குள் வேங்கடரமணர் ஆலயத்துத் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்துச் சென்றதும், அத்தகைய தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பதும் அவர் அறிந்தவையே. அங்கே ஆலயம் மூலவரின்றி நிற்கிறது; இங்கே இடிக்கப்பட்ட இடத்திலேயே மணியோசை கேட்கிறது. பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்த்த அவர், “கல்லை எடுத்துப் போனாலும் இடம் போகவில்லை” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

திருகோணமலைக்கு அருகில் கன்னியா வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அடுத்தடுத்து ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வெப்பம் வெவ்வேறு. தன் தாய் இறந்தபோது, கடன்களைச் செய்ய நீர் வேண்டி இராவணன் தரையைக் குத்தி உண்டாக்கியவை இவை என்பது ஐதீகம். அப்பகுதித் தமிழர் தம் முன்னோர்க்குரிய கடன்களை இங்கே செய்வதுண்டு. அம்மையார் ஏழு கிணற்றிலும் நீர் மொண்டு, தாயை நினைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். ஈரப் புடவையோடு அவர் நிற்க, தலைமையாசிரியர் சற்றுத் தள்ளியிருந்த கல்லில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அரக்கன் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன்கூடத் தாய்க்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடவில்லை.

அங்கிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாக மலைநாட்டுப் பாதை தொடங்குகிறது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் சிறிது நேரம் தங்கினர். முன்பு காப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாள்கணக்காக நடந்து இந்த மாத்தளைக்குத்தான் வந்து சேர்ந்தனர். வழியிலேயே பசியாலும் நோயாலும் மடிந்தவர் பலர். பிழைத்து வந்தவர்கள் முதலில் தேடியது தம் ஊர் மாரியைத்தான். காப்பிச் செடி நோயால் அழிந்து, அதன் இடத்தில் தேயிலை வந்தபோதும் அவர்களுடைய தெய்வம் மாறவில்லை.

கண்டியில் தலதா மாளிகையை வெளியே நின்று வணங்கினர். கண்டியை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், செஞ்சியை ஆண்டவர்களைப்போல நாயக்கர் மரபினர். 1815-இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, வேலூர்க் கோட்டையில் சிறைவைத்தனர். 1832-இல் அங்கேயே மறைந்தார். வேலூரில் அவர் நினைவிடத்தைப் பார்த்திருந்த தலைமையாசிரியர், “அவர் இங்கிருந்து நம்ம பக்கம் வந்தார், திரும்பவில்லை. நீ நம்ம பக்கமிருந்து இங்கே திரும்பி வந்திருக்கிறாய்” என்றார். அம்மையார் முதன்முறையாகச் சிரித்தார்.

கண்டியைக் கடந்து கம்பளை, புசல்லாவை என்று சாலை வளைந்து வளைந்து ஏறியது. இரு புறமும் தேயிலை, ஆங்காங்கே அருவி. ரம்பொடையில் சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் ஆலயத்தில் வணங்கிவிட்டு, மறுநாள் காலை தோட்டத்தைத் தேடிச் சென்றனர். தாயாரின் இரும்புப் பெட்டியில் இருந்த பழைய கடவுச்சீட்டில் தோட்டத்தின் பெயர் இருந்தது. கையில் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த ஒரு மண் அகலும், திரியும், ஒரு சிறு புட்டியில் செக்கு நல்லெண்ணெயும்.

தோட்டத்துச் சாலையிலிருந்து லயத்துக்குக் கற்படிகள் ஏறின, நாற்பதுக்குக் குறையாது. அம்மையார் கீழே நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். சிங்கவரத்தில் ஏறாத கால். தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். “ஆறுதலா அம்மா, ஆறுதலா” என்றபடி இளைஞர் பின்னால் வந்தார். நான்கு படிக்கு ஒருமுறை நின்று, அரை மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தனர்.

லயத்து வாசலில் முதிய பெண்மணி ஒருவர் இருந்தார். “எந்த ஊருங்க?” என்று கேட்டார். செஞ்சி என்றதும், “எங்க தாத்தாவும் அந்தச் சீமைன்னுதான் சொல்லுவாங்க. எந்த ஊருன்னு கேட்டு வச்சுக்கலை” என்றார். அம்மையாரின் பெற்றோரை அவருக்கு நினைவில்லை. குழந்தைகளை அடக்கம் செய்யும் மேட்டைப் பற்றிக் கேட்டபோது, கையை நீட்டிக் காட்டினார். அங்கே பச்சைப் பசேலென்று தேயிலை மட்டுமே இருந்தது. “பிள்ளைங்களை அந்த மேட்டுலதான் வைப்பாங்க. பழைய செடியைப் புடுங்கிட்டுப் புதுசு நட்டு எத்தனையோ வருசமாச்சு. எது எந்த இடம்னு இப்ப யாருக்கும் தெரியாது. நாங்க எல்லாருக்குமே மாரியம்மன் கோயில்லதான் விளக்கு ஏத்தறது.”

தலைமையாசிரியருக்கு நெஞ்சு அடைத்தது. வாக்குக் கொடுத்த கையோடு வந்திருந்தால் பழைய செடிகளாவது இருந்திருக்கும். இடம் சொல்லக் கூடியவர் எவராவது இருந்திருப்பர். இந்த நட்டத்தை எந்தக் கணக்கிலும் ஈடு செய்ய முடியாது.

கோயில் என்பது ஒரு மரத்தடியில் தகரக் கூரை போட்ட சிறு மாடம். அம்மையார் அந்த மேட்டை நோக்கி அகலை வைத்து, எண்ணெய் வார்த்து, திரியை ஏற்றினார். மலைக்காற்று அணைத்தது. மீண்டும் ஏற்றினார், மீண்டும் அணைந்தது. தலைமையாசிரியர் தம் சால்வையை எடுத்து இரு கையாலும் விரித்துப் பிடித்து, காற்று வரும் திசையில் மண்டியிட்டார். மூன்றாம் முறை சுடர் நின்றது.

வெகு நேரம் கழித்து, “இவ்வளவு நாள் கழிச்சு வந்தாங்களேன்னு பாப்பா கோவிச்சுக்கலை” என்றார் அம்மையார்.

“கோபம் என்மேல்தான் இருக்க வேண்டும்.”

“இருந்தது” என்றார் அம்மையார், சுடரிலிருந்து கண்ணை எடுக்காமல். “சிங்கவரத்துப் படியிலே உட்கார்ந்தேனே, அன்னிக்கும் இருந்தது.”

“இப்போது?”

அதற்கு அவர் விடை சொல்லவில்லை. “காத்து திரும்புது. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் மறைச்சுப் பிடிங்க” என்றார்.

எண்ணெய் தீரும்வரை தலைமையாசிரியர் சால்வையைத் தாழ்த்தவில்லை. தாயாருக்குச் சொன்ன சொல் அவ்வாறு, இருபத்தாறு ஆண்டு தாமதமாக, நிறைவேறிற்று.

பிற்பகலில் நுவரெலியாவைக் கடந்து சீதா எலியாவுக்குச் சென்றனர். கடல்மட்டத்துக்கு மேல் வெகு உயரத்தில் இருக்கும் ஊர். பங்குனியிலும் கம்பளி வேண்டும். ஹக்கலைக்கு அருகில், ஓடைக்கரையில் இருக்கிறது சீதையம்மன் ஆலயம். அசோக வனம் இப்பகுதியே என்பது நம்பிக்கை. ஓடைப் பாறையில் உள்ள குழிகளை அனுமனின் திருவடிச் சுவடுகள் என்று காட்டுகின்றனர். 2024 மே மாதம் நடந்த குடமுழுக்குக்கு அயோத்தியிலிருந்து சரயு நீர் கொண்டுவரப்பட்டது. பிறந்த வீட்டிலிருந்து சீர் வருவதைப்போல, புகுந்த வீட்டிலிருந்தும் சீதைக்கு நீர் வந்து சேர்ந்தது.

இராமாயணத்தில் சீதை இருக்கும் இடம் பலவாயினும், மலையகத் தமிழர் மனத்தில் நிறைந்தது இந்த இடம். கடல் தாண்டிய ஊரில், மலைக் காட்டில், தன்னவர் வருவார் என்று காத்திருந்தவள் அவள். இராமன் வருவதற்கு முன் ஒரு கணையாழி வந்தது, வாக்கு வந்தது, வாக்குக் கொடுத்தவன் வந்தான். கடல் பெரிது என்றோ, காலம் சரியில்லை என்றோ அவன் காரணம் காட்டவில்லை. சந்நிதியில் கைகூப்பி நின்ற தம்பதியருள் யார் என்ன வேண்டினர் என்பது அம்மனுக்குத் தெரியும்.

திரும்பும் வழி மேற்குக் கரை. சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்தில், இராவண வதத்துக்குப் பின் இராமபிரான் வழிபட்டதாகக் கூறப்படும் ஈசனைத் தரிசித்து, மன்னார் மாவட்டத்துத் திருக்கேதீச்சரம் சேர்ந்தனர். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவித் தீர்த்தத்தில் நீர் எடுத்து வந்து, வெளிப்பிராகாரத்து மகாலிங்கத்துக்கு அடியார்கள் தம் கையாலேயே வார்க்கலாம். இருவரும் ஒரே குடத்தைப் பிடித்து வார்த்தனர். பின்னர் தலைமன்னார். 1973-இல் ஏறிய துறையின் எச்சங்கள் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. “அம்மா அன்னிக்குக் கடலைப் பார்க்கவே இல்லை. வந்த வழியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க” என்றார் அம்மையார். அவர் கடலைப் பார்த்தே நின்றார்.

ஊர் திரும்பிய சில மாதங்களில், 2025 ஜூலையில், மராட்டியப் போர்க்கலை மரபுக்குரிய பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தெருவெங்கும் அதே பேச்சு. தலைமையாசிரியரும் மகிழ்ந்தார். ஆயினும் ‘எல்லாம் செஞ்சியிலேயே இருக்கிறது’ என்ற பழைய பேச்சை அவர் விட்டிருந்தார். முதிய நண்பர்கள் பயணத்தைப் பற்றிக் கேட்டால், தலங்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு, “யாருக்காவது எங்கேயாவது கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தால், கால் இருக்கும்போதே போய்விடுங்கள்” என்று முடிப்பார்.

அவ்வாண்டுப் புரட்டாசிச் சனிக்கிழமையன்றும் இருவரும் சிங்கவரம் சென்றனர். சென்ற ஆண்டு அமர்ந்த அதே இடத்தில் அம்மையார் அமர்ந்தார். “நீங்க போய்ச் சேவிச்சுட்டு வாங்க” என்றார். தலைமையாசிரியர் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். மேலே ‘கோவிந்தா’ முழக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. இளையவர்கள் தாண்டித் தாண்டிப் போயினர். வெயில் ஏறியது.

அரை நாழிகைக்குப் பிறகு அம்மையாரே கையை ஊன்றி எழுந்தார்.

“வாங்க” என்றார். “ஆறுதலா ஏறலாம்.”